‘நடந்தா கெயின்ஸ் போயிடுமா ப்ரோ?’ – குன்றக்குடி டு பழனி பாதயாத்திரையும் ஜிம் பசங்களின் பயமும்

மார்கழி பாதி தாண்டியதும் நான் போகும் காரைக்குடி ஜிம்மில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “இந்த வருஷம் பழனிக்கு நடக்குறீங்களா?” கேட்பவர் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையன். பதில் சொல்பவர் ஸ்குவாட் ரேக்கை விட்டு நகராத சீனியர். “ஆறு மாசமா பல்க் பண்ணி ஏத்துனதை, ஆறு நாள்ல ரோட்ல கொட்டிட்டு வரச் சொல்றியா?”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பல வருஷம் சிரித்திருக்கிறேன். ஒரு தை மாதம், வீட்டில் போட்ட வேண்டுதலுக்காக நானே குன்றக்குடியிலிருந்து நடக்க வேண்டி வந்தது. டெட்லிஃப்டில் 160 கிலோ தூக்குகிற ஆள், ரோட்டோரம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், அந்த ஜிம் சிரிப்பில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு வெட்டிப் பேச்சு என்று பார்த்துவிடலாம்.

நான்கு மாரத்தானுக்குக் கொஞ்சம் கம்மி

தெரியாதவர்களுக்காக: காரைக்குடியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது குன்றக்குடி. மலைமேல் சண்முகநாதர் கோயில். தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடிகள் அவரவர் ஊர்களிலிருந்து வந்து இங்கே கூடி, பழனிக்குப் புறப்படும். 400 ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் என்று நகரத்தார் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் உப்பு வியாபாரத்துக்காகப் பழனிப் பக்கம் போனவர்களோடு இதன் தொடக்கத்தை இணைத்துச் சொல்வது வழக்கம். இன்று எல்லாச் சமூகத்தினரும் இந்த வழியில் நடக்கிறார்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வேகத்தைப் பொறுத்து ஐந்து முதல் ஏழு நாள். காவடியோடு போகும் நகரத்தாரில் பலர் திரும்பி வருவதும் நடைதான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் பயம் வந்தது.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் ஒரு வழிப் பயணமே கிட்டத்தட்ட நான்கு மாரத்தான். சராசரி நடையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அடிகள்.

இதை ‘ஈவென்ட்’ என்று எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். வேண்டுதலோடு நடப்பவருக்கு இது போட்டி கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, மெடலும் கிடையாது. அந்த உணர்வில் கை வைக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் முட்டிக்கும் பாதத்துக்கும் காரணம் தெரியாது, தூரம்தான் தெரியும். உடம்பின் கணக்கில் இது ஒரு மாபெரும் எண்டியூரன்ஸ் நிகழ்வு. சென்னையில் 2023 ஆகஸ்ட் 6-ம் தேதி நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்து கின்னஸ் சாதனை ஆனது. செய்தி வந்தபோது எல்லோரும் வாய் பிளந்தோம். நம்ம ஊர் ரோட்டில் பதிவு எண்ணும் டைமிங் சிப்பும் இல்லாமல் வருஷா வருஷம் போகும் கூட்டத்தை யாரும் அந்தக் கண்ணால் பார்ப்பதில்லை.

ஜிம் தரப்பு என்னதான் சொல்கிறது?

மாரத்தான் ஆனாலும் பாதயாத்திரை ஆனாலும் வெயிட் தூக்குகிறவர்களின் குற்றச்சாட்டு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, பிரபலமான அந்த ‘கார்டியோ கில்ஸ் கெயின்ஸ்’. நீண்ட தூரம் ஓடினால், நடந்தால் உடம்பு மசிலைத் தின்றுவிடும். இதற்கு ஆதாரமாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றுகிறது: இடப்பக்கம் முறுக்கேறிய 100 மீட்டர் ஓட்டக்காரர், வலப்பக்கம் எலும்பும் தோலுமாக மாரத்தான் வீரர். ‘எது வேணும், நீயே முடிவு பண்ணு.’ படம் உண்மை, வாதம் ஓட்டை. இருவரும் பிறப்பிலேயே அந்தந்த ஓட்டத்துக்கு ஏற்ற உடம்போடு வந்து, பத்து வருஷத்துக்கு மேல் அதையே செய்து, லட்சத்தில் ஒருவராக வடிகட்டப்பட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டர் ஓடும் ஐடி ஊழியர் அந்த வலப்பக்கத்து ஆளாக மாறிவிடப் போவதில்லை. அதேபோல் 100 மீட்டர் ஓடினால் மட்டும் இடப்பக்கத்து ஆள் ஆகிவிடவும் முடியாது. முடிந்தால் நான் எப்போதோ ஆகியிருப்பேன்.

இரண்டாவது: “கலந்துக்கிட்ட எல்லாருக்கும் மெடல்னா அதுல என்ன இருக்கு?” பார்பெல்லிடம் சமாதானம் பேச முடியாது. 100 கிலோ மேலே வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அந்தக் கறாருக்குப் பழகியவர்களுக்கு, ஆறு மணி நேரத்தில் முடித்தவரும் இரண்டரை மணி நேரத்தில் முடித்தவரும் ஒரே மாதிரி மெடலைக் கழுத்தில் போட்டு செல்ஃபி எடுப்பது உறுத்துகிறது. இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம். இதில் எந்த ஆய்வும் தீர்ப்புச் சொல்லாது.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது. “வருஷம் பூரா சேர்ல உக்காந்துட்டு, ஒருநாள் திடீர்னு வந்து ஓடுறான், நடக்குறான். இது உடற்பயிற்சி இல்ல ப்ரோ, விபத்து.” இதை மட்டும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் தேவைப்படும்.

ஜாகிங் போன பளுதூக்கி

முதல் பயத்துக்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. அதைச் செய்தவரும் நம்மைப் போல வெயிட் தூக்குகிறவர் என்பதுதான் சுவாரசியம்.

ராபர்ட் ஹிக்சன் அமெரிக்க உடலியல் ஆய்வாளர். பவர்லிஃப்டிங் பழக்கம் உள்ளவர். ஜான் ஹொலோசி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹொலோசிக்கு ஓட்டம் பிடிக்கும். பாஸ் ஓடினால் கூடப் போகத்தானே வேண்டும்? ஹிக்சனும் தினமும் ஜாகிங் போனார். கொஞ்ச நாளில் தன் உடம்பும் பலமும் இறங்குவதைக் கவனித்து பாஸிடமே சொல்ல, அதையே ஆய்வு செய் என்று பதில் வந்ததாக அந்தத் துறையில் சொல்வார்கள்.

1980-ல் அந்த ஆய்வு வெளியானது. மூன்று குழு, பத்து வாரம். ஒரு குழுவுக்கு வெயிட் மட்டும், வாரம் ஐந்து நாள். இரண்டாவது குழுவுக்கு சைக்கிளும் ஓட்டமும் மட்டும், வாரம் ஆறு நாள், தினமும் 40 நிமிடம். மூன்றாவது குழு இரண்டையும் முழுசாகச் செய்தது. ஏழு வாரம் வரை மூன்றாவது குழுவின் பலமும் முதல் குழுவைப் போலவே ஏறியது. அப்புறம் நின்றது. கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியே விட்டது. அவர்களுடைய தம் மட்டும் குறையவில்லை, இரண்டாவது குழுவுக்கு இணையாக உயர்ந்தது. அதாவது வெயிட் தம்மைக் கெடுக்கவில்லை, தம் பயிற்சி வெயிட்டைக் கெடுத்தது. ‘இன்டர்ஃபியரன்ஸ் எஃபெக்ட்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் ஜிம் ஜிம்மாகப் பரவியது.

பிறகு வந்தவர்கள் செல்லுக்குள் போய்க் காரணம் தேடினார்கள். வெயிட் தூக்கினால் தசை வளர்ச்சிக்கான ‘எம்டார்’ என்ற சிக்னல் விழிக்கும். நீண்ட நேரம் ஓடினால் எரிபொருள் குறைவதைச் சொல்லும் ‘ஏஎம்பிகே’ என்ற சிக்னல் விழித்து, முதலாவதை அடக்கும். வீடு கட்டும் மேஸ்திரிக்கும், சிமென்ட் ஸ்டாக் தீருகிறது என்று கத்தும் கணக்குப்பிள்ளைக்கும் நடக்கும் சண்டை மாதிரி. எலியில் அழகாகப் பொருந்திய இந்தக் கதை மனிதனில் அவ்வளவு சுத்தமாகப் பொருந்தவில்லை.

ஹிக்சனின் மூன்றாவது குழு வாரத்துக்கு 11 முறை பயிற்சி செய்தது. கால் வெயிட் ஐந்து நாள், கால் களைத்துப் போகும் ஓட்டமும் சைக்கிளும் ஆறு நாள். நம்மில் யார் அப்படிச் செய்கிறோம்? லெக் டேவையே வாரம் ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிற கூட்டம் நாம்.

2012-ல் வெளியான வில்சன் குழுவின் தொகுப்பாய்வு 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடைஞ்சல் கால்களில்தான், கை-நெஞ்சில் கிடையாது. சைக்கிளை விட ஓட்டம்தான் அதிகம் கெடுக்கிறது. அளவு கூடக் கூட, அடிக்கடி செய்யச் செய்ய இடைஞ்சலும் கூடுகிறது. 2022-ல் ஷூமன் குழு இன்னும் பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சிக்கும் அதிகபட்ச பலத்துக்கும் சொல்லும்படியான நஷ்டம் இல்லை. வெடித்துக் கிளம்பும் பலம், அதாவது குதிப்பது, சட்டென்று பாய்வது, அது மட்டும் கொஞ்சம் குறைகிறது. அதுவும் இரண்டையும் ஒரே செஷனில் அடுத்தடுத்துச் செய்யும்போது.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நார்வேயில் 2008-ல் ஸ்டோரன் குழு, நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை எட்டு வாரம், வாரம் மூன்று நாள், கனமான ஹாஃப் ஸ்குவாட் செய்ய வைத்தது. நான்கு செட், செட்டுக்கு நான்கு ரெப். அவர்களுடைய உடல் எடை மாறவில்லை. ஆனால் ஒரே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆற்றல் 5 சதவீதம் குறைந்தது. களைத்து விழும்வரை தாக்குப்பிடித்த நேரம் 21 சதவீதம் கூடியது. மாரத்தான் கூட்டம் ‘ஷோ மசில்’ என்று நம்மைக் கிண்டல் செய்யும்போது இதை எடுத்துக் காட்டலாம்.

ஆறு நாளில் மசில் கரையுமா?

கரையாது. பயிற்சியே இல்லாமல் இரண்டு மூன்று வாரம் இருந்தாலும் பலம் பெரிதாக இறங்குவதில்லை. பழனி போய் வந்து எடை பார்த்தால் இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கும், சட்டை தோளில் தொளதொளவென்று இருக்கும், உண்மைதான். அதில் பெரும்பங்கு தசைக்குள் இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கிறது. நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வரும்.

சாப்பாட்டுக் கணக்கு மட்டும் கவனிக்க வேண்டும். 85 கிலோ எடையுள்ளவர் ஒருநாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் நடைக்கு மட்டும் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 கிலோ கலோரி போகும். வழி நெடுக அன்னதானத்துக்குக் குறைவில்லை. வயிறு நிறையும், ஆனால் இலையில் பெரும்பகுதி சோறு. கோழியும் முட்டையும் விரதத்தில் கிடையாது. வழியில் கிடைக்கும் சுண்டல், தயிர், பால், வேர்க்கடலையை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பையில் கொஞ்சம் பொட்டுக்கடலை இருக்கட்டும். புரோட்டீன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நண்பர் ஒருவர், இரண்டாம் நாள் எடை தாங்காமல் அதை ஒரு அன்னதானப் பந்தலிலேயே விட்டுவிட்டார்.

அப்புறம் ஏன் நான் உட்கார்ந்தேன்?

மசிலைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். கைவிட்டது தோல்.

அதிகாலையில் குன்றக்குடியில் கிளம்பினோம். பிள்ளையார்பட்டி தாண்டும்வரை நான்தான் முன்னால். வேகமாக நடப்பவனைப் பார்த்து வழிவிட்டார்கள், எனக்கும் பெருமைதான். திருப்பத்தூர் நெருங்கும்போது தொடைகள் உரச ஆரம்பித்தன. ஸ்குவாட் போட்டுப் பெருத்த தொடை, நடக்கும்போது ஒன்றோடொன்று உரசும் என்பதை எந்த ஜிம்மிலும் சொல்லித் தரவில்லை. வேர்வை உப்பும் சேர்ந்தால் அந்த எரிச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. திருப்பத்தூர் தாண்டிச் சிங்கம்புணரிப் பாதையில், புதிதாக வாங்கிய செருப்பு குதிகாலில் கொப்புளம் போட்டது. அதற்குச் சலுகை கொடுத்துக் காலைச் சாய்த்து நடந்ததில் மறு கால் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் எங்கள் குழுவில் கடைசியாக வந்துகொண்டிருந்த ஆச்சி ஒருவர் வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர், பல தடவை நடந்தவர். “என்ன தம்பி, உக்காந்துட்டீங்க? ரொம்ப நேரம் உக்காராதீங்க, காலு கட்டிக்கும். அந்தச் செருப்பக் கழட்டிப்போடுங்க” என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொடுத்தார். தொடைக்குத் தடவச் சொன்னார். நான் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை வெட்கம்தான். பிறகு நிற்காமல் போய்விட்டார். அன்று இரவு தங்குமிடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சாப்பிட்டு முடித்துப் படுத்திருந்தார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஸ்குவாட்டில் வாரம் நூறு ரெப் போட்டால் பெரிய விஷயம். நடையில் அந்த நூறு, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையை விடக் கொஞ்சம் கூடுதலான சுமை பாதத்தில் இறங்குகிறது. தொடைத் தசைக்கு அது தூசு. பாதத்தின் சின்னச் சின்னத் தசைகள், குதிகால் நரம்பு, ஆடுசதை, இடுப்பின் பக்கவாட்டுத் தசை, உள்ளங்கால் தோல், இவற்றுக்குத்தான் அது வேலை. தசை சில வாரங்களில் பலமாகும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில்தான் பழகும். ஜிம்மில் இவற்றை நாம் பழக்குவதே இல்லை. என் 85 கிலோவையும் அந்தப் பழகாத பாதம்தான் சுமந்தது. ஆச்சிக்கு என்னில் பாதி எடைகூட இருக்காது, அதோடு பல வருஷத்துப் பழக்கம்.

இளவட்டக்கல்லும் இதே தை மாசம்தான்

வெயிட் தூக்குவது ஏதோ இறக்குமதிச் சரக்கு, நடைதான் நம் பாரம்பரியம் என்று பேசுபவர்கள் உண்டு. அதையும் ஒத்துக்கொள்ள முடியாது. ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லை அறியாதவர் யார்? பிடி கிடைக்காத உருண்டைக் கல்லைத் தரையிலிருந்து முழங்காலுக்கு, மார்புக்கு, தோளுக்கு ஏற்றிப் பின்பக்கம் போட வேண்டும். தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்ற பேச்சும் உண்டு. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி இந்தப் போட்டி நடக்கிறது. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை கற்கள் இருக்கின்றன. பார்பெல்லில் 129 கிலோ எடுப்பவர்கள்கூட இந்தக் கல்லில் திணறுவதைப் பார்க்கலாம். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் இந்த மண்ணில் இருந்தவைதான்.

பொங்கலுக்குக் கல், பூசத்துக்கு நடை. ஒரே மாதத்தில் இரண்டும். கல் தூக்கிய இளவட்டம் ‘நடந்தா கெயின்ஸ் போயிடும்’ என்று பழனிக்கு வராமல் வீட்டில் இருந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். ‘நான் ஸ்ட்ரெங்த் ஆள்’, ‘நான் கார்டியோ ஆள்’ என்ற பிரிவு போட்டி விளையாட்டுக்குத் தேவையானது. சாதாரண உடம்புக்கு அவசியமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு இரண்டையும்தான் கேட்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான ஓட்டம்-நடை வகைப் பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி.

வியாபார உலகம் இதை மோப்பம் பிடித்துவிட்டது. ஜெர்மனியில் 2017-ல் தொடங்கிய ‘ஹைராக்ஸ்’ போட்டி 2025 மே மாதம் மும்பைக்கு வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், ஒரு பலப் பயிற்சி, திரும்ப ஓட்டம் என்று எட்டு சுற்று. மாரத்தானைக் கிண்டல் செய்த ஜிம் பசங்கள்தான் அதற்கு டிக்கெட் எடுக்கிறார்கள். சுமை தள்ளும் வண்டி நடுவில் இருந்தால் ஓட்டம் கௌரவமாகிவிடுகிறது போல.

சீனியர் சொன்னதில் சரியானது

இப்போது அந்த மூன்றாவது குற்றச்சாட்டு. பயிற்சி இல்லாமல் திடீரென்று இறங்குவது ஆபத்து என்பதில் ஜிம் தரப்பு சொல்வது சரி. என் கொப்புளத்தைச் சொல்லவில்லை, அது ஆறிவிடும்.

முதலில் இதயம். இங்கே பயத்தை விட நிதானம் தேவை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்கு மாரடைப்பு போல இதயம் திடீரென நின்றுபோனது. லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. பெரும்பாலானோருக்கு அடியில் ஏற்கெனவே இதயப் பிரச்சினை இருந்தது. ஆகவே ‘ஓடினால் சாவு’ என்று பரப்ப வேண்டாம். ஆனால் 40 தாண்டியவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர், வீட்டில் இளம் வயதில் இதய நோய் வந்தவர் இருந்தால் ஒரு செக்கப் இல்லாமல் 160 கிலோமீட்டருக்குக் கிளம்பாதீர்கள். ஜிம் பாடி இதற்கு உத்தரவாதம் கிடையாது. நெஞ்சில் அழுத்தம், தாடை-இடது கை வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு வந்தால் ‘காஸ்’ என்று ஜீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அடுத்து, தசைச் சிதைவு. பழகாத வேலையை அளவுக்கு மீறிச் செய்தால் தசை நார்கள் உடைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். ‘ராப்டோமயோலிசிஸ்’ என்று பெயர். ஜிம்மில் முதல் நாளே 200 ஸ்குவாட் போட வைக்கப்பட்ட புதுப் பையன்களுக்கும் இதே வரும் என்பதை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால், தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்தால் நேராக மருத்துவமனை. இதோடு சேர்ந்து வரும் தப்பு, வலி மாத்திரை. நடக்கும்போது உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை வேளா வேளைக்குப் போட்டால் கிட்னிக்கு இரட்டை அடி. பக்கத்தில் நடப்பவர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள்.

தண்ணீரும் அளவோடுதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். வழியில் ஐம்பது அடிக்கு ஒருவர் அன்போடு டம்ளரை நீட்டுவார். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை, தாகத்துக்குக் குடியுங்கள். நடுவில் உப்புப் போட்ட மோர் இருக்கட்டும்.

என் கணக்கில் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து உடம்புக்குள் இல்லை, ரோட்டில் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறோம். பின்னால் வரும் லாரி டிரைவருக்குத் தூக்கம், நமக்குக் களைப்பு. போலீஸ் ஒட்டிவிடும் ஒளிரும் ஸ்டிக்கரைப் பை மேலே ஒட்டுங்கள், சட்டைக்குள் அல்ல. காதில் ஹெட்போன் வேண்டாம். நடைபாதை இருக்கும் இடத்தில் அதில் நடங்கள். தார் ரோடு வழவழப்பாக இருக்கிறது என்று நடுவில் ஏறி நடப்பதில்தான் உயிர்கள் போகின்றன.

கார்த்திகையில் ஆரம்பித்தால்

மறுவருஷம் நான் எட்டு வாரம் முன்னால் ஆரம்பித்தேன். வெயிட்டை விடவில்லை. கால் பயிற்சியை வாரம் இரண்டு நாளாக வைத்துக்கொண்டேன், ஒன்று கனமாக, ஒன்று லேசாக. லேசான நாளில் ஒற்றைக் கால் பயிற்சி, ஆடுசதைக்கு காஃப் ரைஸ், சைடு பிளாங்க். வார நாட்களில் மூன்று தடவை ஐந்தாறு கிலோமீட்டர் நடை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை: பத்தில் தொடங்கி வாரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டி 25 வரை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போய் மலைப்படி ஏறி இறங்கித் திரும்பினால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆகிறது, அதைவிட நல்ல ரூட் கிடையாது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட நடை. களைத்த காலோடு மறுநாள் எழுந்து நடப்பதுதான் பாதயாத்திரையின் உண்மையான பாடம், அதை வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். லெக் டேவுக்கு மறுநாள் நீண்ட நடை வைக்கவில்லை. கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தேன்.

செருப்போ ஷூவோ, குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து பழகியது மட்டுமே. வெறுங்காலில்தான் நடப்பேன் என்ற வேண்டுதல் இருந்தால் அதற்கும் பழக்கம் வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. கொப்புளத்துக்கு ஒரு மலிவான வைத்தியம் இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் சர்ஜிக்கல் டேப். பல நாள் ஓடும் அல்ட்ரா மாரத்தான் வீரர்கள் 128 பேரிடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. கிளம்பும் முன்பே, காய்ந்த காலில், வழக்கமாக உரசும் இடத்தில் ஒட்ட வேண்டும். தொடைக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ, எரிச்சல் வருவதற்கு முன்னால்.

அந்த வருஷம் பழனி போய்ச் சேர்ந்தேன். யானைப்பாதையில்தான் ஏறினேன், படிப்பாதைக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. திரும்பி வந்து ஒரு வாரம் ஜிம்மில் லேசாக மட்டும் செய்தேன். இரண்டாவது வாரம் பழைய ஸ்குவாட் எடை அப்படியே எழுந்தது. டெட்லிஃப்டில் ஐந்து கிலோ குறைவாக இருந்தது, அது மாசி முடிவதற்குள் திரும்பியது.

சீனியர் அண்ணன் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கெயின்ஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜிம் மூடும் நேரத்தில் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: “அந்த டேப்பு எந்தக் கடையில வாங்குன தம்பி? அம்மா இந்த வருஷம் என்னையும் வேண்டிக்கிட்டாங்க.”